ஆங்கில எழுத்துதான்... ஆனா ஆங்கிலம் இல்ல! வியட்நாம் மொழி இப்படி ஆனது எப்படி?

பெருங்குடி, நந்தனம். இந்த ரெண்டு பெயரையும் ஆங்கில போர்டில் பாருங்க. ரெண்டிலும் அதே 'டி' எழுத்துதான். ஒன்றை 'ட' என்றும் இன்னொன்றை 'த' என்றும் நாம சரியா படிச்சிடுறோம், ஊர் பழக்கம். வெளியூர்க்காரர் திணறுவார்.

இதே மாதிரி சிக்கலை வியட்நாம் மொழி ஒரு சின்ன கோடு போட்டு தீர்த்திருக்கிறது. அங்கே 'டி' எழுத்தின் குறுக்கே கோடு இருந்தால் 'ட' போன்ற ஒலி. சுற்றுலா நகரமான டா நாங் பெயர் அப்படித்தான் தொடங்கும். கோடு இல்லையா? ஹனோயில் ஆங்கில 'இசட்' போலவும், தெற்கே சைகானில் 'ய' போலவும் படிப்பார்கள்.

எழுத்துக்கு மேலும் கீழும் தெரியும் குறிகளும் அலங்காரம் இல்லை. இந்த மொழியில் 6 தொனிகள். 'மா' என்பதைக் குறி இல்லாமல் எழுதினால் பேய். மேலே ஒரு சாய்கோடு போட்டால் தெற்கில் அம்மா! கீழே புள்ளி வைத்தால் நெல் நாற்று. அவசரத்தில் குறியை விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசிச்சுக்கோங்க.

தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் கார் ஆலை திறந்த வின்ஃபாஸ்ட், வியட்நாம் கம்பெனி. வேடிக்கை என்னன்னா, அந்த மொழியின் 29 எழுத்துகளில் 'எஃப்' கிடையாது. நாம 'ஃப' என்று சமாளிப்பது போல, அவர்கள் 'பி', 'எச்' இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். 'ஃபோ' நூடுல்ஸ் சூப் அப்படித்தான்.

முன்பு அங்கே சீன எழுத்தும், அதை வைத்து சொந்த மொழிக்காக உருவாக்கிய 'நோம்' எழுத்தும் இருந்தன. 17-ம் நூற்றாண்டில் போன போர்ச்சுகீசிய பாதிரியார்கள், காதில் விழுந்ததை லத்தீன் எழுத்தில் குறித்தார்கள். அலெக்சாண்டர் டி ரோட்ஸ் தொகுத்த அகராதி 1651-ல் ரோமில் அச்சானது. பிறகு பிரெஞ்சு ஆட்சி இந்த எழுத்தைப் பரப்பியது. சீக்கிரம் கற்றுவிடலாம் என்பதால் விடுதலைப் போராட்டக்காரர்களும் இதையே பிடித்துக்கொண்டார்கள். 1945-ல் ஹோ சி மின் அரசு நடத்திய எழுத்தறிவு இயக்கமும் இதில்தான்.

தமிழுக்கும் இது நடந்திருக்கலாம். 1554-ல் லிஸ்பனில் அச்சான முதல் தமிழ் நூல் ரோமன் எழுத்தில்தான் இருந்தது. ஆனா 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வந்தது. அதைத் தந்த அன்றீக்கு அடிகளார் பணியாற்றியது அதே தூத்துக்குடி கடற்கரையில்.

வியட்நாமில் புது எழுத்தால் படிப்பு எளிதாச்சு. அதற்குக் கொடுத்த விலை பெரிசு. 'கியூவின் கதை' அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த காவியம். ஆனா அது முதலில் எழுதப்பட்ட நோம் பிரதியைக் கையில் கொடுத்தால், பெரும்பாலானவர்களால் ஒரு வரிகூட வாசிக்க முடியாது.