நோயாளிக்கு அருகில் நிற்பவர்கள்

2002 நவம்பரில் தென்சீனாவில் தலைகாட்டி, 2003 ஜூலையில் அடங்கிய சார்ஸ் நோய் உலகெங்கும் சுமார் 8,100 பேரைத் தாக்கியது. 774 பேர் இறந்தனர். நோயுற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மருத்துவமனைப் பணியாளர். சார்ஸ் வைரஸ் உடலில் உச்சத்தை எட்டுவது நோயின் இரண்டாம் வாரத்தில்தான். அதற்குள் நோயாளி மருத்துவமனையில் சேர்ந்திருப்பார். அவர் அதிகமாக வைரஸை வெளியேற்றும் நாட்களில் அருகில் நிற்பவர்கள் செவிலியரும் மருத்துவரும்தான்.

ஹாங்காங்கின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையில் 2003 மார்ச்சில் நடந்தது இதற்குச் சான்று. சாதாரண நிமோனியா என்று கருதி ஓர் இளைஞரைப் பொது வார்டில் சேர்த்தார்கள். மூச்சுத்திணறல் குறைய நெபுலைசர் மூலம் மருந்து கொடுத்தார்கள். மருந்தை ஆவியாக்கும் அந்தக் கருவி நோயாளியின் மூச்சுத்துளிகளையும் வார்டெங்கும் பரப்பியிருக்கக் கூடும் என்று பின்னர் கருதப்பட்டது. இரண்டு வாரங்களில் அங்கே சேர்க்கப்பட்ட 138 சார்ஸ் நோயாளிகளில் 69 பேர் மருத்துவமனைப் பணியாளர்கள், 16 பேர் மருத்துவ மாணவர்கள். மூச்சுக்குழாயில் குழாய் செருகுவது போன்ற உயிர்காக்கும் சிகிச்சைகளிலும் இதே ஆபத்து உண்டு. சிகிச்சை அளிப்பவரின் முகம் அப்போது நோயாளியின் வாய்க்கு மிக அருகில் இருக்கும்.

இந்த ஆபத்தைத் தடுக்க முடியாது என்று எண்ணுவது தவறு. ஹாங்காங்கின் ஒரே ஹோட்டலோடு தொடர்புடைய இரண்டு சார்ஸ் நோயாளிகள், 2003 மார்ச் 7 அன்று கனடாவின் இரு நகரங்களில் மருத்துவமனைக்கு வந்தார்கள். வான்கூவரில் வந்தவரைச் சில நிமிடங்களிலேயே தனிமைப்படுத்தினார்கள். பணியாளர்கள் தொடக்கத்திலிருந்தே சுவாசப் பாதுகாப்புக் கவசம் அணிந்தார்கள். அங்கே நோய் பரவவில்லை. டொரண்டோவில் வந்தவரோ அவசரப் பிரிவில் மற்ற நோயாளிகளுக்கு நடுவே இரவு முழுவதும் இருந்தார். டொரண்டோவை மையமாகக் கொண்டு பரவிய நோயில் 44 பேர் இறந்தனர். அவர்களில் இருவர் செவிலியர், ஒருவர் மருத்துவர். மே மாதத்தில் நோய் ஒழிந்துவிட்டதாக எண்ணிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் இரண்டாம் அலை எழுந்தது. நோய் இன்னும் இருக்கிறது என்று செவிலியர் சிலர் முன்பே எச்சரித்தும் அது உரிய கவனம் பெறவில்லை. வார்டில் இரவும் பகலும் நிற்பவர்களின் சொல்லை அலட்சியம் செய்ததற்குக் கொடுத்த விலை இது. பின்னர் விசாரித்த நீதிபதி ஆர்ச்சி கேம்ப்பெல், அறிவியல் உறுதிப்பாட்டுக்காகக் காத்திராமல் பணியாளரைக் காக்கும் நடவடிக்கைகளை எடுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

அந்த அறிவுரை 2020-இல் பல நாடுகளில் மறக்கப்பட்டிருந்தது. என்-95 முகக்கவசங்கள் போதிய அளவு கையிருப்பில் இல்லை. ஒருமுறை அணிந்து எறிய வேண்டியதை நாட்கணக்கில் அணிந்தார்கள். கோவிட், அறிகுறி தெரியும் முன்பே பரவக்கூடியது. ஆகவே நோயாளியிடமிருந்து மட்டுமல்ல, சாப்பாட்டு அறையில் முகக்கவசத்தைக் கழற்றி உட்கார்ந்த சக ஊழியரிடமிருந்தும் அது தொற்றியது. பாதுகாப்பு உடையை அணிவதைவிடக் கழற்றுவது கடினம்: களைத்துப்போன கை, மாசுபட்ட வெளிப்புறத்தைத் தொட்டு முகத்துக்குப் போய்விடும். அருகில் ஒருவர் நின்று ஒவ்வொரு படியையும் சொல்லிக் கழற்ற வைப்பது இதனால்தான். காற்றோட்டமான வார்டு, போதிய ஆள், உடல்நலம் குன்றினால் சம்பளத்தோடு விடுப்பு ஆகியவையும் முகக்கவசத்தைப் போலவே உயிர்காப்பவை. விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் இருக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் காய்ச்சலோடும் வேலைக்கு வருவார்.

2020 ஜனவரி முதல் 2021 மே வரை கோவிட்டால் இறந்த மருத்துவப் பணியாளர்கள் சுமார் 1,15,500 பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இது 80,000 ஆகவும் இருக்கலாம், 1,80,000 ஆகவும் இருக்கலாம் என்கிறது அந்நிறுவனம். பல நாடுகள் இறந்தவர்களின் தொழிலைத் தனியாகப் பதிவு செய்யவே இல்லை.