மேட்டில் வழி திறந்திருக்கிறதா?

சாலையின் நீளத்தைக் கிலோமீட்டரில் எழுதிவைக்கிறார்கள். பயணிக்கு வேண்டியது நேரக்கணக்கு. தேனியில் வண்டி ஏறுகிறவர் மூணாறுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம், இடையிலுள்ள போடிமெட்டில் வழி திறந்திருக்கிறதா என்றுதான் கேட்பார். இந்தக் கேள்விகளுக்கு நம்பகமான பதிலை உரிய நேரத்தில் தருவதே சாலைச் செயல்திறன் தகவலின் வேலை. அதே தகவல் சாலையைப் பராமரிக்கும் துறைக்கும் வேண்டும். எங்கே, எந்நேரத்தில், எதனால் வண்டிகள் தேங்குகின்றன என்று தெரிந்தால்தானே எதை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுக்க முடியும்? தமிழ்நாடும் கேரளமும் தொட்டுக்கொள்ளும் இடங்களில் இது எளிதான காரியம் இல்லை. பாலக்காட்டுக் கணவாயில் லாரிகள் நெரியும் நெடுஞ்சாலை. இடுக்கியில் மண்சரிவும் மூடுபனியும்.

நேரம் என்றாலும் சராசரி நேரம் போதாது. கோவையிலிருந்து நெடும்பாசேரி விமான நிலையத்துக்குப் போகிறவர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். வழக்கமாக மூன்றரை மணி நேரம் ஆகும் பயணம், இருபது நாளில் ஒருநாள் ஆறு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், விமானத்தைத் தவறவிடக் கூடாதவர் ஆறு மணி நேரத்தைக் கணக்கில் வைத்துத்தான் கிளம்ப வேண்டும். நெருக்கடியான நாளின் நேரத்துக்கும் வழக்கமான நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் அந்தச் சாலையின் நம்பகத்தன்மையைக் காட்டும். சாலையை அகலப்படுத்தாமலே, இந்த இடைவெளியைக் குறைத்தால் பயணிக்குப் பெரும் நேரம் மிச்சமாகும். பழுதாகி நிற்கும் லாரியை உடனே இழுத்து அப்புறப்படுத்துவதுகூட அதற்கு உதவும்.

அந்த விமானப் பயணி போகும் தேசிய நெடுஞ்சாலை 544 இல், திருச்சூரைத் தாண்டி, பயண நேரம் நீதிமன்றம் வரை போனது. மண்ணுத்தி முதல் இடப்பள்ளி வரையுள்ள 65 கிலோமீட்டரில் பல சந்திப்புகளில் ஒரே சமயத்தில் பாலப் பணிகள் நடந்தன. சர்வீஸ் ரோடுகள் குழியும் சேறுமாகக் கிடந்தன. வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. 2025 ஆகஸ்ட் 6 அன்று கேரள உயர் நீதிமன்றம் பாலியேக்கரை சுங்கச்சாவடியில் கட்டணம் வசூலிப்பதை நான்கு வாரத்துக்கு நிறுத்திவைத்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் மேல்முறையீடு செய்தது. இந்தத் தூரத்தைக் கடக்க 12 மணி நேரம் ஆகுமானால் மக்கள் எதற்காகக் கட்டணம் கட்ட வேண்டும் என்று கேட்ட உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 19 அன்று அந்த முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அக்டோபரில்தான் வசூல் மீண்டும் தொடங்கியது. சாலை போட்டாயிற்றா என்பதைவிட, அதில் போக எவ்வளவு நேரமாகிறது என்பதே அளவுகோல் என்று ஏற்கப்பட்டது மிக முக்கியமான திருப்பம்.

அந்த நேரத்தை அளப்பதற்கான கருவி ஏற்கெனவே பெரும்பாலான கார், லாரிகளின் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. சுங்கக் கட்டணத்துக்கு 2021 பிப்ரவரியிலிருந்து பாஸ்டேக் கட்டாயம். வாளையாறு அருகே பாம்பாம்பள்ளம், வடக்கஞ்சேரி அருகே பன்னியங்கரை, அதற்கப்பால் பாலியேக்கரை என இந்த வழியில் சுங்கச்சாவடிகள் வரிசையாக உள்ளன. ஒரு வண்டி ஒன்றைக் கடந்த நேரத்தையும் அடுத்ததைக் கடந்த நேரத்தையும் கழித்தால் இடைப்பட்ட பயண நேரம் கிடைத்துவிடும். வண்டி எண்ணை மறைத்து, ஆயிரக்கணக்கான வண்டிகளின் கணக்கைத் தொகுத்தால், வாளையாற்றிலேயே ஒரு மின்பலகையில் “திருச்சூருக்கு இப்போது இத்தனை நிமிடம்” என்று எழுதிக்காட்ட முடியும். ஜப்பானில் 1996 முதலே சாலையோரக் கருவிகளும் பண்பலையும் இத்தகைய தகவலைக் காருக்குள்ளேயே கொண்டுசேர்க்கின்றன.  

மலைப்பாதையில் இந்த உத்தியும் செல்போன் வரைபடமும் எளிதில் பலிப்பதில்லை. கூகுள் மேப்பில் தெரியும் சிவப்புக் கோடு, சாலையில் நகரும் செல்போன்களின் வேகத்தைத் தொகுத்துக் கிடைப்பது. செல்போனும் சிக்னலும் குறைந்த வளைவுகளில் அது பழைய சராசரியை நம்பியே நேரம் சொல்ல வேண்டியிருக்கும். யாரும் போகாத சாலைக்கும் அடைபட்ட சாலைக்கும் உள்ள வேறுபாட்டை இயந்திரம் தானாக அறிவது கடினம். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளம் ஒரு பகுதியை அடித்துச்சென்ற பாலத்தில் ஏறிய கார் ஆற்றில் விழுந்து 3 பேர் இறந்தார்கள். வழிகாட்டிய வரைபடத்தில் அந்தச் சேதம் பதிவாகவில்லை.

தகவல் போய்ச்சேராததன் கொடூரத்தை இடுக்கி நன்றாகவே அறியும். 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களும் குடும்பத்தினருமாக 70 பேர் மாண்டனர். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் செய்தி வெளியுலகுக்கு வந்துசேரவே மறுநாள் காலையாகிவிட்டது. மூணாறிலிருந்து அங்கே போகும் வழியில் இருந்த பெரியவாரைப் பாலம் 2018 வெள்ளத்திலேயே உடைந்துபோயிருந்தது.

விடியும் முன்பே போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்புகின்றன. ஓட்டுநர்களுக்கு இன்றும் பெரிய செய்தி நிலையம், மலையிறங்கி வரும் வண்டிதான். “அண்ணே, மேட்டுல பிளாக்கா?” என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியபின் வழி இல்லை என்று தெரிந்தால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே தகவல் சேர வேண்டிய இடம், வேறு வழியைத் தேர்ந்தெடுக்க இன்னும் வாய்ப்புள்ள சந்திப்பு. போடிமெட்டு அடைபட்ட செய்தி தேனியிலும், சின்னாறு வழி அடைபட்ட செய்தி உடுமலையிலும் கிடைக்க வேண்டும். கம்பத்தில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. சபரிமலைப் பருவத்தில் கூட்டம் கூடும்போது, போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாக இறக்குவது வழக்கம். இரு மாவட்டமும் பேசிவைத்துக்கொண்டால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

மற்ற நாள்களில் எல்லைக்கோடு தகவலையும் வெட்டிவிடுகிறது. போடிமெட்டிலிருந்து மூணாறு போகும் வழியிலுள்ள கேப் ரோட்டில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை விதிப்பது இடுக்கி ஆட்சியர். அந்தத் தடையால் திரும்ப வேண்டியவர் தேனி மாவட்டத்துப் பயணி. அறிவிப்பு மலையாளத்தில் மட்டும் வந்தால், மலையாளம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளிக்கு அது எட்டாது. குழியைப் படமெடுத்து அனுப்பக் கேரளத்தில் 2021 முதல் ‘பிடபிள்யூடி ஃபோர் யூ’ செயலி உண்டு, தமிழ்நாட்டில் 2023 முதல் ‘நம்ம சாலை’ உண்டு. இரண்டும் பயனுள்ளவை. ஆனால் மலைச்சாலையின் ஒரு பாதி ஒரு செயலியிலும் மறுபாதி மற்றொன்றிலும் கிடந்தால் முழுச்சாலையின் நிலை யாருக்கும் தெரியாது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் நடைமுறையான இ-பாஸ், எத்தனை வண்டி ஏறுகிறது என்ற கணக்கையாவது நிர்வாகத்தின் கையில் தந்தது. மூணாறு ஏறும் வழிகளிலும் வண்டிகளை எண்ணிப் பதிவுசெய்தால், விடுமுறை நெரிசலை முன்கூட்டியே சொல்லலாம்.

நல்ல அறிவிப்பு நான்கு வரிக்கு மேல் போக வேண்டியதில்லை: எந்த இடம், எப்போதிருந்து, எந்த வண்டிகளுக்குத் தடை, மாற்றுவழி எது. கூடவே, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்பதும் இருந்தால் காத்திருப்பவர் திட்டமிட முடியும். செல்போன் சிக்னல் இல்லாத பல இடங்களுக்கும் கொடைக்கானல் பண்பலை எட்டுகிறது. பல ஜீப்புகளில் ரேடியோ இருக்கிறது. காலை நான்கு மணிக்கு அந்த நான்கு வரியைத் தமிழிலும் மலையாளத்திலும் வாசிக்கப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. தேனி, இடுக்கி காவல் கட்டுப்பாட்டு அறைகள் இரண்டும் ஒரே பதிவேட்டைப் பார்த்தால் போதும்.