பதினாயிரம் வீச்சுக்கு ஒரு மீன்

மீன்பிடித்தலைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் உலகெங்கும் உளர். எனினும், நாள் முழுவதும் தூண்டிலை எறிந்து எறிந்து இழுத்து, மாலையில் வெறுங்கையோடு கரையேறி, மறுநாள் விடியுமுன்னரே அதே ஏரிக்கு மீண்டும் புறப்படும் மனிதரைக் காண விரும்புவோர் வட அமெரிக்காவின் ஏரி நாட்டுக்கே செல்லுதல் வேண்டும். விஸ்கொன்சின், மினசோட்டா, நியூ யோர்க் ஆகிய மாநிலங்களிலும், எல்லைக்கு அப்பால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் இவர்கள் தேடித் திரிவது 'மஸ்கலஞ்' என்னும் நன்னீர் மீனையாகும். சுருக்கமாக 'மஸ்கி' என்பர். 'பதினாயிரம் வீச்சுக்கு ஒரு மீன்' என்பது அதற்கு அங்கே வழங்கும் பட்டப்பெயர். யாரும் எண்ணிப் பார்த்து இட்ட கணக்காக இதனைக் கொள்ளவேண்டியதில்லை. களைத்துப்போன கைகள் சொன்ன கணக்கு என்று கொள்க.

நம் கடல்களிற் பிடிபடும் சீலா மீனை நேயர்கள் அறிவர். அதனோடு இதற்கு எவ்வித உறவும் இல்லையாயினும் உருவம் ஓரளவு ஒத்திருக்கும். நீண்டு உருண்ட உடல். வாத்தின் அலகு போன்று தட்டையான முகம். கத்தி முனை போன்ற பற்கள். முதுகுச் செட்டை நடுமுதுகில் இராது வாலையடுத்து அமைந்திருப்பதால், நின்ற இடத்திலிருந்து அம்பு போலப் பாய இதனால் முடியும். இதன் நெருங்கிய இனமாகிய பைக் என்னும் மீனுக்கோ கரும்பச்சை உடலில் வெளிறிய புள்ளிகள் உண்டு. மஸ்கிக்கு வெளிறிய உடலில் கரிய கோடுகளோ புள்ளிகளோ காணப்படும். அவ்வேரிகளின் பூர்வ குடிகளாகிய ஒஜிப்வே மக்களின் மொழியிலிருந்தே 'மஸ்கலஞ்' என்ற பெயர் பிறந்தது. அதற்குப் 'பெரிய பைக்' என்று பொருள் கூறுவாரும், 'அழகற்ற பைக்' என்று பொருள் கூறுவாரும் உளர்.

இம்மீன் அரிதாகவே கிடைப்பதற்குக் காரணம் அதன் தந்திரம் மட்டுமன்று. தொகையிலேயே அது குறைவு. பல ஏரிகளில் ஓர் ஏக்கர் நீர்ப்பரப்புக்கு முதிர்ந்த மீன் ஒன்றுகூட இராது. முட்டையிடும் பருவத்தை எய்தச் சில ஆண்டுகள் செல்லும். ஐம்பது அங்குல நீளத்தை எட்டிய பெண் மீன் ஒன்று பெரும்பாலும் பதினைந்து ஆண்டுகளையேனும் கடந்ததாயிருக்கும். முப்பது ஆண்டு வரை வாழ்ந்தனவும் உண்டு. அத்தகைய ஒன்றைக் கொன்றால் அவ்விடத்தை நிரப்ப இன்னொரு தலைமுறை காத்திருத்தல் வேண்டும். ஆகவே, எந்த இரையைக் கட்டுவது, எந்தப் படகில் ஏறுவது என்று ஒருவர் கடையிற் செய்யும் தெரிவு, அவருக்கு மீன் கிடைக்குமா என்பதை மட்டுமன்றி, கிடைத்த மீன் திரும்பவும் உயிரோடு நீந்துமா என்பதையும் முடிவு செய்கிறது.

இரையையும் படகையும் தனித்தனியே ஆராய்வதே வழக்கம். ஆயின் மஸ்கிக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. தன்னை நோக்கி எறியப்பட்ட இரையை அது உடனே கவ்வாது, ஓரிரு அடி பின்னால் நிழல்போலத் தொடர்ந்து வந்து, படகின் விளிம்பு வரை சென்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். கவ்வினாலும் அந்த இறுதிக் கணத்திலேயே கவ்வுவது மிகுதி. எனவே, எந்த இரையானாலும் அது படகோரத்தில் எவ்வாறு இயங்கும், எந்தப் படகானாலும் அதன் ஓரத்தில் நின்று எவ்வளவு எளிதாகக் கோலை நீருக்குள் செலுத்தலாம் என்று சேர்த்தே பார்த்தல் வேண்டும். கடைக்காரர்கள் இதனைச் சொல்வது அரிது.

பொய் இரையின் கதை

முள் இல்லாத இரையே இவற்றுள் மூத்தது. ஒஜிப்வே மக்கள் குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் துளையிட்டு, மரத்திற் செதுக்கிய சிறு மீனை நூலிற் கட்டி நீருள் ஆட்டுவர். அதனை நாடி வரும் பெரிய மீனை ஈட்டியாற் குத்துவர். விஸ்கொன்சினிலுள்ள லாக் டு பிளம்போ ஊரில் செதுக்கப்பட்ட அத்தகைய மர மீன்களைக் கலைப்பொருள்களாகச் சேகரிப்போர் இன்று பலர்.

உலோக இரையை நியூ யோர்க் மாநிலத்தைச் சேர்ந்த ஜூலியோ பியூல் என்பவர் 1852 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றுச் செய்தார். படகில் உணவருந்துகையில் கைதவறி நீரில் விழுந்த கரண்டியை ஒரு மீன் பாய்ந்து கவ்வியதைக் கண்டே அவருக்கு அவ்வெண்ணம் உதித்ததென்பது வழிவழி வரும் கதை. செயின்ட் லோறன்ஸ் நதிக்கரையிலுள்ள கிளேற்றன் ஊரில் ஸ்கின்னர் என்பவர் 1874 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற வரிவரியான தகட்டு இரை, அந்நதியில் மஸ்கி பிடிப்போரிடையே பெரும் புகழ் பெற்றது.

இன்று விற்கப்படுவனவற்றை எண்ணப் புகுந்தால் முடிவில்லை. ஆயினும் அவை ஒவ்வொன்றும் மீனின் ஏதோவொரு புலனை எழுப்பவே செய்யப்பட்டவை.

மானின் வால் மயிரைக் கம்பியில் கட்டி, முன்னே சுழலும் உலோகத் தகட்டைக் கோத்த இரையே தொடக்கக்காரருக்கு உகந்தது. தகடு சுழலும்போது நீரில் எழும் அதிர்வை மீன் தன் பக்கக்கோட்டு உறுப்பினால் உணர்கிறது. கலங்கிய நீரிலும் இரவிலும் இது பயன்படுவது இதனாலேயே. அண்மைக் காலத்தில் உள்ளங்கை அளவு தகடுகள் இரண்டைக் கோத்து, மயிருக்குப் பதிலாகப் பளபளக்கும் இழைகளைக் கட்டுகின்றனர். அதனை இழுத்து இழுத்து மாலையில் தோள் வலியெடுக்கும்.

மரத்துண்டு போன்ற எளிய இரை ஒன்றுண்டு. கோலை வெடுக்கென இழுத்தால் முன்னே குதித்து அமிழும். விட்டால் மெல்ல மிதந்து எழும். நோயுற்ற மீனின் நடை அது. அன்ரிகோ ஊரைச் சேர்ந்த பிராங் சூயிக் என்பவர், வாலில் வளைக்கக்கூடிய தகடு பொருத்திச் செய்த இவ்வகை இரையினால் நாளுக்கொன்றாக முப்பது நாளில் முப்பது மஸ்கி பிடித்தாரென்று அவ்வட்டாரத்தார் இன்றும் கூறுவர். அவர் பெயரைத் தாங்கிய அவ்விரை இன்றும் விற்பனையாகிறது. அவ்வாலை மேலும் கீழும் சிறிது வளைத்து இரையின் ஆழத்தை மாற்றலாம்.

தாடைக்குக் கீழே சாய்வான நாக்குத் தகடு பொருத்திய மீன்வடிவ இரை வேறொன்று. முன்னோக்கி இழுக்கும்போது நீர் அச்சாய்வின்மீது அழுத்துவதால் அது கீழ்நோக்கிச் செல்லும். நாக்கு நீண்டதாயின் ஆழம் மிகும். நூலிற் காற்றாடி பறக்க விடும் மாணவர்க்கு இத்தத்துவம் தெரிந்ததே. காற்று பட்டத்தை மேலே தூக்குகிறது, நீர் இதனைக் கீழே தள்ளுகிறது. அசையும் நீள்வால் கொண்ட இறப்பர் இரைகளும் உள்ளன. அவற்றுட் சில ஓர் இறாத்தல் எடையுள்ளவை! அமைதியான கோடை மாலைகளில் நீர்மேற் சலசலத்துச் செல்லும் மிதப்பிரையும் உண்டு. அதனை மஸ்கி தாக்கும் ஓசையை ஒருமுறை கேட்டவர் வேறு இரையை எளிதில் தொடமாட்டார்.

நிறத்தைப் பற்றி நீண்ட விவாதங்கள் நடைபெறுகின்றன. தெளிந்த நீருக்கு வெள்ளி ஒளியும், கலங்கல் நீருக்கும் அந்திக்கும் கறுப்பும், செம்மஞ்சளும் பொருந்தும் என்பதற்கு மேல் நிறத்துக்காகப் பணத்தைச் செலவிடுதல் வீண் என்பதே என் எண்ணம். ஆழமும் வேகமும் சரியாயிருப்பின் நிறத்தின் குற்றம் மன்னிக்கப்படும். நீர்ப்பூண்டுகளின்மீது செல்ல ஒன்று, அவற்றின் ஓரத்தில் ஆழச் செல்ல ஒன்று, மெல்ல மிதந்தெழ ஒன்று என மூன்று நான்கு இரைகளை நன்கு பழகியவர், நாற்பது இரைகளைப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பவரை விடக் கூடுதலாகப் பிடிப்பார்.

இவ்விரைகளை எறிய எட்டரை அல்லது ஒன்பது அடி நீளமான கோலும், 80 முதல் 100 இறாத்தல் வரை தாங்கும் பின்னல் நூலும் வேண்டும். நூலின் முனையில் முழநீளத்துக்குக் கம்பியோ தடித்த தங்கூசியோ இணைத்தல் கட்டாயம். அது இல்லையேல் பற்கள் நூலை அறுத்துவிடும். மீன் வாயில் மாட்டிய இரையோடு ஓடிவிடும். 'மெல்லிய நூலிற் பெரிய மீனைப் பிடித்தேன்' என்று பெருமை பேசுவாரும் உளர். அந்த நெடிய போராட்டத்திற் களைத்த மீன், விடப்பட்ட பின் மாண்டுபோவதை அவர்கள் பார்ப்பதில்லை.

துடுப்பிலிருந்து மின்பொறி வரை

மஸ்கி படகுகளுள் அழகில் தலைசிறந்தது செயின்ட் லோறன்ஸ் நதியின் வள்ளமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிளேற்றனில் கட்டப்பட்டது, இருமுனையும் கூரியது, இருபது அடியளவு நீண்டு ஒடுங்கியது. வழிகாட்டி துடுப்பு வலிக்க, விருந்தினர் நாற்காலிகளில் அமர்ந்து இரைகளைப் பின்னால் இழுத்துச் செல்வர். பாய் விரித்துச் செல்லும்போதும் அதற்குச் சுக்கான் கிடையாது. ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து தம் உடல் எடையாலேயே அதனைத் திருப்புவார். அவற்றுட் சிலவற்றைக் கிளேற்றன் நகரப் பழம்படகு நூதனசாலையிற் காணலாம்.

விஸ்கொன்சினில் நோர்வே நாட்டிலிருந்து குடியேறிய ஒலே எவின்றூட் என்பவர் 1909 ஆம் ஆண்டில் தம் வெளியிணைப்பு இயந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தார். வெயிலில் ஏரியைத் துடுப்பு வலித்துக் கடந்தபோது, கொண்டுசென்ற ஐஸ்கிறீம் உருகிப்போனதே அம்முயற்சிக்குத் தூண்டுதல் என்பர். அவர் பெயரைத் தாங்கிய இயந்திரங்களின் உற்பத்தி 2020 ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஓசையின்றி மெல்ல நகர்த்தும் மின்பொறியைச் சிமித் என்பவர் 1934 ஆம் ஆண்டில் மினசோட்டா – வட டக்கோட்டா எல்லையிற் செய்தார். இரு மாநிலங்களின் பெயரையும் சேர்த்து 'மின் கோட்டா' என்று அது பெயர் பெற்றது. மஸ்கி பிடிப்போருக்குப் பெரிய இயந்திரத்தை விட இச்சிறு பொறியே இன்றியமையாதது. ஏனெனில் ஒருவர் காலால் அதனை இயக்கிப் பூண்டுகளின் ஓரமாகப் படகைச் செலுத்திக்கொண்டே இரு கைகளாலும் எறியலாம்.

இனி, எப்படகு? சிறிய ஏரிக்குப் பதினாறு அடி அலுமினியப் படகு போதும். விலை குறைவு, கல்லில் உரசினாலும் கவலையில்லை. கருவி ஒன்று தட்டில் விழுந்தால் ஏரியெங்கும் பறை அறைந்தது போலாகுமாதலால் தரையில் விரிப்பு இடுதல் நன்று. லேக் ஒவ் த வூட்ஸ், மில் லாக்ஸ், செயின்ட் கிளையர் போன்ற பரந்த நீர்நிலைகளுக்கு அது போதாது. பிற்பகற் காற்றில் அங்கே எழும் அலைக்குப் பதினெட்டு அடிக்கு மேற்பட்டதும், அடிப்பகுதி ஆழ்ந்த கோணமாயமைந்ததுமான படகு வேண்டும். மிகப் பெரிய மஸ்கிகள் பிடிபடுவது பனி விழத் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் என்பதை மறத்தலாகாது. அக்குளிர்நீரில் விழுந்தவருக்குக் கைகால் இயங்குவது சில நிமிடங்களே. உயிர்காப்பு அங்கியை ஆசனத்தின் கீழ் வைத்திருப்பவர் அதனை வாங்காதவருக்குச் சமம்.

படகின் பக்கச் சுவரே அடுத்துக் கவனிக்கத்தக்கது. உயர்ந்த சுவர் அலையைத் தடுக்கும். ஆனால் அதன்மேற் குனிந்து கோல்முனையை நீருள் ஆழ்த்துதல் கடினம். முன்புறம் உயர்ந்த சமதளம் உள்ள படகில் நிற்பவருக்கு இத்தொல்லை குறைவு. துடுப்புப் படகை இன்றும் விடாப்பிடியாகக் கையாளும் முதியோர் விஸ்கொன்சினின் வடபகுதியில் உளர். அங்கே பல ஏரிகளில் இயந்திரத்தை ஓட்டியவாறு இரையை இழுத்துச் செல்லுதல் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தமையால் அக்கலை அழியாது நின்றது. துடுப்பின் ஒவ்வொரு வலிப்புக்கும் இரை விரைந்து, பின் தளர்வதே அதன் சூட்சுமம்.

படகோரத்தில் எட்டு

ஒவ்வொரு வீச்சின் முடிவிலும், மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், இரையை உடனே நீரிலிருந்து தூக்காது கோலின் முனையை நீருள் ஆழ்த்திப் பெரியதொரு எட்டு வரைதல் வேண்டும். வளைவு சிறியதாயின் நாலடி மீனால் திரும்ப இயலாது. இரையைத் தவறவிட்டு மறையும். மான்மயிர் இரை இவ்வளைவில் சுழன்றுகொண்டே வரும். மிதந்தெழும் மர இரையோ வேகம் குறைந்ததும் மேலே வந்துவிடும். படகோரத்துக்கு இரையைத் தெரிதல் என்று மேலே கூறியது இதனையே. நூறு வீச்சுக்கு ஒன்றும் தோன்றாது. நூற்றோராம் வீச்சில் சோம்பிக் கோலை உயர்த்தும் வேளையில் பச்சை நிழலொன்று படகின் கீழே திரும்பும்!

ஹேவார்ட் நகர்ப்புறத்தில் 1949 ஆம் ஆண்டில் இரு பெரும் மீன்கள் பிடிபட்டன. லூயி ஸ்பிறேயின் மீன் 69 இறாத்தல் 11 அவுன்சு. கால் ஜோன்சனின் மீன் 67 இறாத்தல் 8 அவுன்சு. எது உண்மைச் சாதனை என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. அந்நகரில் நூற்றுநாற்பது அடிக்கு மேல் நீண்ட மஸ்கிச் சிலையொன்றை எழுப்பி, அதன் வாயில் மக்கள் நின்று ஊரைப் பார்க்க வழி செய்துள்ளனர். பெரிய மீனைப் படகில் ஏற்றுமுன் கைத்துப்பாக்கியாற் சுடும் வழக்கமும் அக்காலத்தில் அங்கே இருந்தது.

1966 ஆம் ஆண்டில் மினசோட்டாவில் கில் ஹாம் என்பவர் தொடங்கிய 'மஸ்கீஸ் இன்கோப்பறேட்டட்' என்னும் சங்கம், பிடித்த மீனை விட்டுவிடும் பழக்கத்தைப் பரப்பியது. இன்று அம்மாநிலத்தில் பொதுவாக 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்திருத்தல் ஆகாது. நீரின் வெப்பம் பரனைற்று 80 பாகையை எட்டினால் தூண்டிலையே எடுக்காது காத்திருப்போர் பலர். அவ்வெப்பத்திற் பிடிபட்ட மீன் பிழைப்பது அரிது. உயிர் மீனை ஒற்றை முள்ளிற் கோத்து விழுங்கவிடும் பழைய முறையும் கைவிடப்பட்டு வருகிறது. விழுங்கிய முள் குடலைக் கிழிக்கும். பொய் இரையோ பெரும்பாலும் வாயோரத்திலேயே மாட்டும்.

இதற்கும் படகு இடம் தரல் வேண்டும். முடிச்சில்லாத, இறப்பர் பூசிய பேரத்தாங்கு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மீன் அதனுள் புகுந்ததும் தூக்காது நீரிலேயே வைத்து, நீண்ட குறட்டினால் முள்ளைக் கழற்றல் வேண்டும். மூன்று முள்ளுள்ள தூண்டில்கள் இரண்டு மூன்று ஓரிரையில் தொங்குவதால், துள்ளும் மீனின் வாயிலொன்றும் பிடிப்பவர் விரலிலொன்றும் ஒரே நேரத்தில் ஏறுவதுண்டு. ஆகவே கடினமான முள்ளையும் ஒரே நெரிப்பில் துண்டிக்கும் வெட்டுக்குறடு ஒன்று படகில் எப்போதும் இருத்தல் அவசியம். வெட்டிய முள்ளுக்குப் பதில் புதியதைக் கரைக்கு வந்து மாட்டிக்கொள்ளலாம். வெட்டியபின் மீனை நிமிர்த்திப் பிடித்திருந்தால், செவுள்கள் சீராக அசைந்து, ஒரு நிமிடத்திலோ பத்து நிமிடத்திலோ அது தானாகவே வாலை அடித்துக் கையை விட்டு நழுவும்.