கிணறு கெட்டால் கணக்கு ரெண்டு

(வானொலிப் பேச்சு)

குச்சிக்கிழங்கு போடுகிற உங்களுக்கு சேகோ ஆலைக் கழிவுத் தண்ணியோட வாடை புதுசு இல்லை. சாயத் தண்ணியும் பார்த்திருப்பீங்க. ஆலைக் கழிவால் கிணறும் மண்ணும் கெட்டுப் போனால் அதைச் சரி பண்ணுகிற செலவு யார் தலையில்? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

வேலூர் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலைகள் நிறைய. கழிவு பாலாற்றிலும் வயலிலும் போய்ச் சேர்ந்தது. ஊர்க்காரர்கள் சேர்ந்து 1991ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாங்க. 1996 ஆகஸ்டு 28ல் தீர்ப்பு. தோல் ஆலைப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டதாகத் தீர்ப்பிலேயே இருக்கு. திண்டுக்கல் பக்கம் 13 கிராமத்தில் 467 கிணற்றைப் பார்த்ததில் 350 கெட்டுப் போயிருந்ததாம். நாலில் மூணு!

கெடுத்தவர்தான் கொடுக்கணும் என்றது கோர்ட்டு. அதிலும் ரெண்டு கணக்கு. வெள்ளாமை போனவருக்கு நஷ்டஈடு ஒண்ணு. மண்ணையும் தண்ணியையும் பழையபடி ஆக்குகிற செலவு இன்னொண்ணு. கொடுக்காத ஆலைக்காரரிடம் நிலவரி பாக்கி வசூல் பண்ணுகிற மாதிரியே கலெக்டர் வசூல் பண்ணலாம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 2001ல் நஷ்டஈடு நிர்ணயம் ஆகியும் பலருக்குக் கைக்கு வரலை. 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, பாக்கியை ஆறு வாரத்தில் கொடுக்கச் சொல்ல வேண்டி வந்தது. சேதம் சரியாகிற வரைக்கும் கெடுத்தவர் பொறுப்பு தீராதுன்னும் சொல்லிச்சு. எனக்கு இதுதான் பெரிய வார்த்தையாகப் படுது.

கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் செய்த இந்துஸ்தான் யுனிலீவர் தொழிற்சாலை 2001ல் மூடப்பட்டது. 2016ல் முன்னாள் தொழிலாளிகள் 591 பேரோடு கம்பெனி சமாதான ஒப்பந்தம் போட்டது. அதனால் மண்ணிலே கிடந்த பாதரசத்துக்குக் கணக்குத் தீர்ந்திடலை. அதைச் சுத்தம் பண்ணுவது தனி வேலையாக நின்னுது.

இதை எதுக்குச் சொல்றேன்னா, நம்ம ஊரில் ஆலைக்காரர் பஞ்சாயத்துப் பேசி, "ஒரு போர் போட்டுத் தர்றோம், கையெழுத்துப் போடுங்க"ன்னு வருவார். வாங்குறது தப்பில்லை. ஆனா 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி இருந்தால், வக்கீலிடம் காட்டாமல் கை வைக்காதீங்க. போருக்கு வாங்கின காசிலே ரெண்டாவது கணக்கும் சேர்ந்து அடிபட்டுப் போகலாம்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில் இருக்கு. நஷ்டஈடும் நிலத்தைச் சீர்படுத்தவும் அங்கே கேட்கலாம். ஆனா பாதிப்பு முதலில் ஏற்பட்டதிலிருந்து 5 வருஷத்துக்குள்ளே கேட்கணும். தக்க காரணம் இருந்தால் மேற்கொண்டு 60 நாள்தான். அதனால் தண்ணி நிறம் மாறின தேதியை இன்றைக்கே குறிச்சு வையுங்க. மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணியைக் கொடுத்தால் உப்பு அளவு தெரியும். ஆலை ரசாயனத்துக்கு அது போதாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து மாதிரி எடுக்கச் சொல்லுங்க. மனுவுக்கு ரசீது வாங்கி, அடங்கல் நகலோடு பத்திரமா வையுங்க.