தொழிலாளர் ஊரில் வியாபாரம்: மறைமலைநகர் காட்டும் கணக்கு

புதிதாகக் கடை திறக்க நினைக்கும் இளைஞர்கள், "எந்த ஊரில் வியாபாரம் நன்றாக நடக்கும்?" என்று நம்மிடம் கேட்பதுண்டு. அந்த ஊருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எந்தத் தேதியில் வருகிறது என்று பார்ப்பதே வியாபாரிக்கு முதல் கணக்கு.

நம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் செங்கல்பட்டு நகரில் 62,579 பேர். மாமல்லபுரத்தில் 15,172 பேர். மறைமலைநகரில் 81,872 பேர். செங்கல்பட்டு, நீதிமன்றமும் அரசு மருத்துவமனையும் ரயில் சந்திப்பும் உள்ள பழைய ஊர். மாமல்லபுரம், சுற்றுலாவையும் சிற்பத் தொழிலையும் மீன்பிடிப்பையும் நம்பிய ஊர். மறைமலைநகரோ, சென்னையின் நெரிசலைக் குறைக்கத் திட்டமிட்டு, மறைமலையடிகள் பெயரில் அமைத்த புதுநகர். ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் இருந்ததால் தொழிற்சாலைகள் வந்தன. 1999-இல் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி தொடங்கியது.

இத்தகைய ஊரில் வாடிக்கையாளர் மூவகை. நிரந்தரத் தொழிலாளி குடும்பத்துடன் இருப்பார். மாத மளிகை மொத்தமாக வாங்குவார். ஒப்பந்தத் தொழிலாளி நான்கைந்து பேரோடு அறையில் தங்குவார். கால் கிலோ, அரை கிலோவாக வாங்குவார். வடமாநிலத்தவர் என்றால் கோதுமை மாவு, கடுகெண்ணெய், உருளைக்கிழங்கு கேட்பார். மூன்றாமவர் ரயிலிலும் பேருந்திலும் ஷிப்டுக்கு வந்து போகிறவர். ஊர்க் கணக்கெடுப்பில் அவர் இல்லை. ஆனால் டீக்கடையின் கல்லாவை நிரப்புகிறவர் அவரே.

இதில் நாமே ஒருமுறை தவறினோம். ஒரு தொழிற்சாலையின் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குச் சாப்பாடு போட்ட மெஸ்ஸுக்கு மூன்று மாதச் சரக்கைக் கடனில் விட்டோம். ஒப்பந்தம் முடிந்தது, அறைகள் காலியாயின, பாக்கி பேரேட்டிலேயே நின்றுவிட்டது. மெஸ்காரர் நாணயமானவர்தான். அவருடைய வருமானம் யாருடைய சம்பளத்தை நம்பியிருந்தது என்று நாம்தான் விசாரிக்கவில்லை.

பெரிய ஆலையும் இதற்கு விலக்கல்ல. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. 2022-இல் மறைமலைநகர் ஆலையில் உற்பத்தி நின்றது. அங்கு எஞ்சின் தயாரிக்க 2025 அக்டோபரில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துள்ளது. 2029 முதல் உற்பத்தி; 600 பேருக்கு மேல் வேலை என்பது அறிவிப்பு. மகிழ்ச்சியான செய்தியே. ஆனால் செய்தியை நம்பிக் கிடங்கை நிரப்பக் கூடாது. சம்பளம் கைக்கு வந்த பிறகே அது கடைக்கு வரும்.

ஆகவே வணிகப் பெருமக்களே, தொழிலாளர் ஊரில் கடன் கொடுக்குமுன் மூன்றைக் கேளுங்கள்: வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா? சம்பளத் தேதி எது? உங்கள் வாடிக்கையாளர்கள் அனைவரும் ஒரே ஆலையைச் சேர்ந்தவர்களா? அப்படியானால் பாக்கியை ஒரு மாதத்திற்கு மேல் நீட்டாதீர்கள். பல ஆலைத் தொழிலாளர்கள் வந்து போகும் கடை, ஓர் ஆலை மூடினாலும் தாக்குப்பிடிக்கும்.