புற்றுநோய்த் தடுப்பூசி: சொல்லும் பொருளும்

திருவனந்தபுரத்தில் 1981இல் நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையத்தை நாடிக் குமரி மாவட்டத் தமிழரும் செல்வதால், மலையாள மருத்துவச் சொற்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கும் கருதத்தக்கன. மலையாள ‘வீக்கம்’ அழற்சியையும் குறிக்கும். தமிழில் அது பெரும்பாலும் புடைப்பையே சுட்டும். அழலோடு உறவுடைய ‘அழற்சி’யே பொருத்தமானது. ஆயினும் அச்சொல் மட்டும் போதாது. குறுங்கால அழற்சி டி-அணுக்களைக் கட்டிக்குள் ஈர்த்துத் தடுப்பூசிக்குத் துணைசெய்யக்கூடும்; நாட்பட்ட அழற்சியோ அவற்றை ஒடுக்கக்கூடும். மரபணுப் பிறழ்வும் இத்தகையதே: சில பிறழ்வுகள் புதிய புரதக்கூறுகளைத் தோற்றுவித்துப் புற்றணுவைக் காட்டிக்கொடுக்கின்றன, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் மரபணுவின் சிதைவோ அக்கூறுகள் அணுவின் மேற்பரப்பில் தோன்றாதவாறு செய்துவிடுகிறது. எனவே அடைமொழியை விடுத்தல் பொருளைத் திரிக்கும். ‘தடுப்பூசி’ இன்னும் இடர்ப்பாடுடையது. 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சிப்புலூசெல்-டி, முன்னரே தோன்றிவிட்ட புராஸ்டேட் புற்றுநோய்க்குரியது. அதனை ‘நோயெதிர்ப்பூட்டும் மருந்து’ எனல் தகும்.