மருத்துவச்சிகள் மாணவிகளான கதை

செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் கடற்கரை வரை உள்ள சிற்றூர்களில் முன்னாளில் பிரசவம் பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். தாயிடமோ மாமியாரிடமோ கண்டு கற்றதே அவர்களது கல்வி. பெரும்பாலோர் நடுவயதைக் கடந்தவர்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இத்தகையோரும் மாணவிகளான வரலாற்றை நாம் அறிவது நன்று.

அனுபவம் மிகுந்த அவர்களிடம் ஒரு குறை இருந்தது. கைக்குக் கிடைத்த கத்தியால் தொப்புள்கொடியை அறுப்பர். அதன்மீது சாம்பலோ சாணமோ வைப்பர். இதனால் ரணஜன்னிக் கிருமிகள் புகும். நன்றாகப் பிறந்த குழந்தை சில நாட்களில் பால் குடிக்க இயலாமல் வாய் இறுகி இறக்கும். தெய்வ குற்றம் என்று தாய் அழுவாள். உண்மையில் அது சுத்தமின்மையின் விளைவே.

நம் நாட்டில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளிக்கும் முயற்சி 1903-ஆம் ஆண்டிலேயே விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியால் மேற்கொள்ளப்பட்டது. 1977-ஆம் ஆண்டின் கிராம சுகாதாரத் திட்டம் அதை ஊர்தோறும் பரப்பியது. பயிற்சி 30 வேலை நாட்கள். உதவித்தொகை 300 ரூபாய். வாரத்தில் இரண்டு நாட்கள் சுகாதார நிலையத்தில் பாடம். மற்ற நான்கு நாட்கள் சுகாதாரப் பணியாளருடன் கிராமங்களுக்குச் செல்ல வேண்டும். மேற்பார்வையில் இரண்டு பிரசவங்களாவது பார்த்த பின்னரே சான்றிதழும் பிரசவப் பெட்டியும் கிடைக்கும். கை, படுக்கை, பிளேடு, கட்டும் நூல், தொப்புள்கொடி ஆகிய ஐந்தும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதே பாடத்தின் சாரம். ஏடு படிக்கத் தெரியாதவரும் ஐந்து விரல்களை எண்ணி இதை நினைவில் கொள்ளலாம் அல்லவா?

நம் பகுதியிலேயே 1981-ஆம் ஆண்டில் சுந்தரி ரவீந்திரனும் தலித் பெண்களும் சேர்ந்து 'ருவ்செக்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். கிராமத்துப் பெண்களே பயிற்சி பெற்று, தம் ஊரில் சுகாதாரப் பணியாளர்கள் ஆயினர்.

தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் பரவியதால், 2015-ஆம் ஆண்டில் தாய்சேய் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. மருத்துவச்சியின் தொழில் மறைந்தே போயிற்று எனலாம். ஆயினும் வலியில் துடிப்பவளைத் தனியே விடாத அவர்களது பண்பு மறையவில்லை. 2004-ஆம் ஆண்டில் தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் உடனிருக்க வழி செய்யப்பட்டது.

இப்பணிக்கு இன்றும் வயது பெரும் தடையன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் 35 வயது வரை, துணைச் செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் என்னும் இரண்டாண்டுப் படிப்பில் சேரலாம். அங்கன்வாடிப் பணியாளர்கள் சிலரும் இவ்வாறு பயின்று கிராம சுகாதாரச் செவிலியர்கள் ஆகியுள்ளனர். பணி அனுபவமுள்ள செவிலியர்களுக்கு 18 மாத பேறுகாலச் சிறப்புப் பயிற்சியை 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்தது.

தோழியரே! நரைத்த தலையுடன் பாடம் கேட்க அமர்ந்த அந்தப் பாட்டிமார்களால் எத்தனையோ குழந்தைகள் பிழைத்தன. நம் அன்னையரில் எவரேனும் இனிமேல் படிக்க விரும்பினால், "இந்த வயதிலா?" என்று கேளாமல் புத்தகத்தை எடுத்துக் கொடுப்போமாக!